தன் வாயால் சொல்லாதவர்

ஒரு முடிவை அவர் தன் வாயால் சொன்னதை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு முறையைப் பற்றித்தான் இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அவருடைய குணம் முதல் நாளே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கொழும்பில் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அவருடைய மூன்றாம் மாடி வீடு. ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். என்னை மேசைக்கு முன்னால் கதிரையில் உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உமக்கு எப்பிடி இருக்கு தேத்தண்ணி?"

"நல்லா இருக்கு அன்ரி."

"சீனி?"

"கொஞ்சம் குறைவு மாதிரி."

அவர் குசினிப் பக்கம் திரும்பினார். "பிள்ளைக்குச் சீனி காணாதாம்."

குசினியில் அந்தத் தேநீரைப் போட்டது என் அம்மா. சீனிப் போத்தலோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. மகள் கதிரையில் உட்கார்ந்து தேநீரில் குறை சொல்கிறாள் என்ற பெருமைதான் இருந்தது. நான்தான் சீனி போடாமலே குடித்து முடித்தேன்.

அம்மா அந்த வீட்டில் பதினோரு வருடமாகச் சமையலும் துப்புரவும் செய்துவந்தாள். நாங்கள் இருந்தது கொட்டாஞ்சேனையில், பத்துக் குடும்பங்கள் இருந்த ஒரு வளவுக்குள் ஓர் அறை. ஒன்பது வயதில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவள் அம்மா. அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமந்தவர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் வேலைக்கென்று கட்டாருக்குப் போய்விட்டான். எங்கள் வீட்டுப் பெண்களில் பெருவிரலை மையில் தொடாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இடம் வரும் வரை காத்திருந்த காலம் அது. நம் நாட்டில் அந்தக் காத்திருப்பு ஒரு பிள்ளை பிறந்து நடக்கப் பழகும் அளவுக்கு நீளும்.

அன்ரிக்குத் தங்கை வெளிநாட்டிலிருந்து ஒரு டாரோ கார்ட் கட்டு அனுப்பியிருந்தார். எழுபத்தெட்டுக் கார்ட்கள். கூடவே ஒவ்வொரு கார்டுக்கும் அர்த்தம் சொல்லும் சின்ன ஆங்கிலப் புத்தகம் ஒன்று. ஒரு நாள் அவர் அம்மாவிடம் கேட்டாராம்: "உன்ர மகள் இங்கிலீஷ் வாசிப்பாளோ?" அம்மா அதை வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கேள்வி கேட்ட மாதிரியே இல்லை, யாரோ பரிசு கொடுத்த மாதிரி இருந்தது.

"நான் பழைய ஆள் பிள்ளை, எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஓடாது" என்று அன்ரி என்னிடம் சொன்னார். "நீர் படிச்ச பிள்ளை. நீர் வாசிச்சுத் தமிழில சொல்லும், காணும்."

அம்மாவை 'நீ' என்பார். என்னை 'நீர்'. அந்த ஓர் எழுத்துக்காகவே நான் வாரத்தில் மூன்று நாள் போனேன் என்று சொன்னால் பொய்யில்லை.

எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாடு முழுக்க வரிசையில் நின்ற வருடம் அது. கடவுச்சீட்டு எடுக்க விடியுமுன்பே போய்ப் பாய் விரித்துப் படுத்தார்கள். வெள்ளவத்தையில் யாரைக் கண்டாலும் ஒரே கேள்வி: போவதா, இருப்பதா? அந்தக் கேள்வியோடுதான் பெண்கள் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார்கள். அவர் ஒருவரிடமும் சல்லிக்காசு வாங்கியதில்லை. யாராவது நல்லெண்ணெய்ப் போத்தலோ ஒரு சீப்பு கப்பல் வாழைப்பழமோ கொண்டுவந்தால், "இதெல்லாம் ஏன்?" என்பார், அதற்கு மேல் தடுக்கமாட்டார். சல்லிக்காகச் செய்திருந்தால் எனக்கு அவரை விளங்கியிருக்கும். சல்லியும் வாங்காமல் ஒருவர் வாரம் பதினைந்து பேருக்கு விதி பார்ப்பது எதற்காக என்பதுதான் விளங்கவில்லை.

அவருடைய முறை இப்படி. மேசை சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் எல்லோரும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். வந்தவர் நடுவில், வலப்பக்கம் அவர், இடப்பக்கம் புத்தகத்தோடு நான். கார்டுகளை வந்தவரே கலைப்பார். மேலே இருக்கும் கார்டை வந்தவரே திருப்புவார். அதன் அர்த்தத்தை நான் வாசிப்பேன். அன்ரி கார்டில் விரல்கூட வைக்கமாட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேள்வி மட்டும் கேட்பார்.

"இதில ஒரு மனுசன் முதுகு காட்டிக்கொண்டு போறார். உங்களுக்கு ஆரை ஞாபகம் வருது?"

"என்ர இவர்தான்" என்பார் வந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நான் சொல்லேல்லை பாருங்கோ" என்பார் அன்ரி.

அந்த அடுக்குமாடியின் லிப்ட் பழுதாகி இரண்டு மாதம் கிடந்தபோதும் இதே கதைதான். குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்த ஐயாவை மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் விருப்பம். சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அன்ரி தன் வீட்டிலேயே கூட்டத்தை வைத்தார். ஐந்தாம் மாடிக்காரரிடம் பிஸ்கட் தட்டை நீட்டியபடி, "போன கிழமை படியில ஏறேக்க மூச்சு வாங்க வாங்க என்னவோ சொன்னீங்கள், எனக்கு வடிவாக் கேக்கேல்லை" என்றார். அவர் எல்லோர் முன்னாலும் செயலாளரை மாற்றச் சொன்னார். பெரிய சண்டை. செயலாளர் எழுந்து போய்விட்டார். ஐந்தாம் மாடிக்காரரோடு அவர் இன்றுவரை கதைப்பதில்லை. அன்ரிக்கு மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் வீட்டிலிருந்து பொங்கல் வரும்.

மாளிகாவத்தையிலிருந்து ஒரு தாத்தா வருவார். அங்கே முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் அழைப்பார்கள். இப்படிப் பார்ப்பது கூடாது என்று அவருக்கு வீட்டில் பயம். கதவைத் திறந்ததும் என்னிடம் முதலில் வாக்குமூலம் கொடுத்துவிடுவார்: "நான் கார்ட் பாக்க வரல்ல மகள். தேத்தண்ணி குடிக்க வந்த." பிறகு கதிரையில் இருந்து, "சும்மா கையில ஈக்கட்டும்" என்று கட்டை எடுத்துக் கலைப்பார். திருப்பியும் விடுவார். "நான் கேக்கல்ல. நீங்க ஒங்கட பாட்டுல வாசிங்க" என்பார். நான் என் பாட்டில் வாசிப்பேன். அவர் தன் பாட்டில் கேட்பார். அன்ரியை மிஞ்சியவர் ஒருவர் இருந்தார் என்றால் அவர்தான்.

நேராக விழும் கார்டுக்கு ஓர் அர்த்தம், தலைகீழாக விழுந்தால் வேறு அர்த்தம். தலைகீழை அன்ரி 'வக்கிரம்' என்பார். சனி வக்கிரம், வியாழன் வக்கிரம் என்று கேட்டு வளர்ந்த பெண்களுக்கு அது உடனே விளங்கும். எழுபத்தெட்டில் அவர்கள் எல்லோரும் பயந்த கார்ட் ஒன்றுதான்: விதிச் சக்கரம். நேராக விழுந்தால் மாற்றம் நல்லது, போகலாம். வக்கிரமாக விழுந்தால் புத்தகத்தில் இருந்ததை நான் மனப்பாடமாகவே சொல்வேன்: "காலம் உங்களுக்கு எதிராகச் சுற்றுகிறது. மாற்றம் இப்போது தீங்கு தரும். இருக்கும் இடத்தில் பொறுத்திருங்கள்."

முதலாம் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி அன்ரி ஒருவர் இருந்தார். லண்டனில் மகன். விசா வந்து, விமான ரிக்கெற்றும் போட்டாயிற்று. பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது கார்ட் திருப்பினார். சக்கரம், வக்கிரம். நான் வாசித்தேன். நான் நன்றாக வாசிப்பேன். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய குரல். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். பிறகு ஒரு பின்னேரம் காலி வீதியில் மரக்கறிக் கடை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீ வாசிச்ச வாசிப்பில நான் ரிக்கெற்றைக் கான்சல் பண்ணிப்போட்டன். மோன் கோவிச்சுக்கொண்டு கதைக்கிறேல்லை. நீ சொன்னது சரியாத்தானே இருக்கும்?"

"நான் சொல்லேல்லை அன்ரி. புத்தகத்தில..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டேன். யாருடைய வசனம் என் வாயிலிருந்து வருகிறது என்று எனக்கே கேட்டது.

அன்று பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் ஐந்து மணிக்கு அன்ரியோடு கடற்கரையில் நடக்கப் போகிறவர் இந்த வங்கி அன்ரிதான். அவர் லண்டனுக்குப் போயிருந்தால் அன்ரி தனியாக நடக்க வேண்டும். அவருக்கு வக்கிரம். நாலாம் மாடியில் ஒரு குடும்பம்; அவர்களின் குளியலறைத் தண்ணீர் அன்ரியின் கூரையில் ஒழுகி ஒரு வருடச் சண்டை. அந்த வீட்டுப் பெண் கனடா பற்றிக் கேட்டபோது கார்ட் நேராக விழுந்தது. மூன்று மாதத்தில் குடும்பமே போய்விட்டது. அன்ரிக்குத் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு வக்கிரம். அன்ரியிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத ஒன்றுவிட்ட சகோதரிக்கு நேர்.

தற்செயலாக இருக்கலாம். ஆனால் நான் உயர்தரத்தில் கணிதம் படித்தவள்.

அடுத்த தடவை நான் புத்தகத்தைப் பார்ப்பதை விட்டுக் கைகளைப் பார்த்தேன். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது: கார்டுகளை மேசையில் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் வட்டமாகச் சுற்றிக் கலக்க வேண்டும், அப்போதுதான் சில தலைகீழாகும். அதை நான் தொடக்கத்திலேயே வாசித்துச் சொன்னபோது அன்ரி, "அது வெள்ளைக்காரற்ற விளையாட்டு. எங்கட ஆக்களுக்கு முந்நூற்றி நாலு கலைக்கிற மாதிரித்தான் வரும்" என்றார். உண்மைதான். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் விடிய விடிய முந்நூற்றி நாலு சீட்டு விளையாடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். கட்டைக் கையில் பிடித்து, கொஞ்சத்தை உருவி உருவி முன்னால் போட்டு, கடைசியில் ஒரு வெட்டு வெட்டுவார்கள். எவ்வளவு நேரம் அப்படிக் கலைத்தாலும் ஒரு கார்ட்கூடத் தலைகீழாகாது. வரிசை மாறும், திசை மாறாது. காலையில் குளித்ததும், ஒவ்வொருவர் போன பின்னும், அன்ரி எல்லாக் கார்டையும் ஒரே திசையில் அடுக்கி வைப்பார். அது துப்புரவு என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் வக்கிரம் எங்கிருந்து வருகிறது?

திருப்புவதில். சிலரிடம் அவர் சொல்வார்: "புத்தகத்தில தாள் திருப்பிற மாதிரித் திருப்புங்கோ." சிலரிடம்: "மேல் விளிம்பில பிடிச்சு உங்கட பக்கமா இழுத்துத் திருப்புங்கோ." வீட்டுக்குப் போய் நாட்காட்டி அட்டை ஒன்றை வைத்துச் செய்துபார்த்தேன். பக்கவாட்டில் திருப்பினால் படம் நேராக வருகிறது. மேலிருந்து இழுத்துத் திருப்பினால் தலைகீழ். எந்தக் கார்ட் வரும் என்பது அவர் கையில் இல்லை. எந்தப் பக்கம் வரும் என்பது அவருடைய ஒரு சொல்லில் இருந்தது. கையை மடியிலிருந்து எடுக்காமலே.

கண்டுபிடித்ததும் எனக்கு வந்தது கோபமல்ல, பெருமைதான். பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடம் போனது வீணில்லை என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கதிரை போய்விடும்.

பிறகுதான் என் கடிதம் வந்தது. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடம். அம்மா கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். வளவு முழுக்க டொபி கொடுத்தாள். மூன்றாம் நாள் அமைதியாகிவிட்டாள்.

"புள்ள, மேடத்துக்கிட்ட ஒரு தடவ பாத்துருவோம்."

"எத?"

"சீட்டு. நீ போறது நல்லதான்னு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒங்க அண்ணன் கட்டாருக்குப் போறேன்னான். யாரயும் கேக்காம வளையல வித்துக் குடுத்தேன். மூணு வருசமாச்சு, ஒரு போன் இருக்கா? உசுரோட இருக்கானா, தெரியுமா? இன்னொரு புள்ளய நான் கேக்காம அனுப்ப மாட்டேன்."

நான் நாட்காட்டி அட்டையை எடுத்தேன். இப்படித் திருப்பினால் இப்படி, அப்படித் திருப்பினால் அப்படி என்று காட்டினேன். அம்மா பொறுமையாகப் பார்த்தாள்.

"மேடம் சீட்டத் தொடுவாங்களா?"

"தொட மாட்டாங்க. ஆனா—"

"நாந்தானே திருப்பப் போறேன்? என் கைய எனக்குத் தெரியாதா? அவங்கள அப்படிச் சொல்லாத. ஒன்னய மேசையில ஒக்கார வச்சவங்க."

சண்டை போட்டேன். சாப்பிடாமல் இருந்தேன். "சீட்டு வேணாம்னு சொன்னா?" என்று கேட்டேன். "வேணாம்தான்" என்றாள். சேர்வதற்கு இரண்டு வாரம் இருந்தது. அம்மாவின் சொல்லை மீறிப் பஸ் ஏறும் துணிவு என்னிடம் இருக்கவில்லை. அண்ணன் போனபின், அவனுக்கு விடுமுறையான ஒவ்வொரு வெள்ளியும் அவள் போனோடு தலைவாசலில் நின்ற விதத்தை நான் பார்த்திருந்தேன்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அன்ரியின் குசினிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை இருந்தது. பழைய பெட்டிகள் கிடந்த அறை. அந்த வருடத் தொடக்கத்தில் அதைத் துப்புரவாக்கி, வெள்ளை அடித்து, ஒரு மின்விசிறியும் மாட்டினார். ஏன் என்று சொல்லவில்லை. அம்மா வேலை முடித்துச் செருப்பு மாட்டும்போது மட்டும் கேட்பார்:

"ரெண்டு பஸ் மாறிப் போறது கஷ்டமாயிருக்குமே?"

"ஆமா மேடம், கஷ்டந்தான்."

"பிறகு?"

"புள்ள இருக்கே மேடம். தனியா விட ஏலாது."

"ஓம், பிள்ளை இருக்குத்தானே" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

அப்போது நான் அதைக் கவனித்தேன், கணக்கில் சேர்க்கவில்லை. என் கணக்கில் அன்ரிக்குத் தேவைப்பட்டது நான்தான். நான் போனால் அவருக்கு வாசிக்க ஆளில்லை. அதனால் அம்மாவுக்கு என்ன விழும் என்று எனக்கு முன்பே தெரியும்.

அந்த ஞாயிறு பிற்பகல் அம்மா நல்ல சேலை உடுத்து வந்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த மேசையில் இருந்தாள்; கதிரையின் நுனியில். அந்த மேசையில் இருந்தபடியால் அன்று அவளும் 'நீங்கள்' ஆனாள்.

"கலையுங்கோ" என்றார் அன்ரி.

அம்மாவுக்கு முந்நூற்றி நாலு தெரியாது. ஆனால் எத்தனை பெண்கள் கலைப்பதைக் குசினி வாசலில் நின்று பார்த்திருப்பாள்! அதே போல உருவி உருவிப் போட்டாள். வெட்டினாள். என் கண் அன்ரியின் உதட்டில் இருந்தது.

"மேல் விளிம்பில பிடிச்சு, உங்கட பக்கமா இழுத்துத் திருப்புங்கோ."

நான் நினைத்ததுதான். அம்மா இழுத்துத் திருப்பினாள். வேறு எந்தக் கார்டாக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சக்கரம் வந்தது. எந்தக் கார்ட் வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்ததோ என்று அந்தக் கணத்தில் பயந்தேன்.

வக்கிரமான சக்கரத்தை அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குசினிக்குள் இருந்தே நூறு தடவை கேட்டவள். அவள் முகம் இறங்கியது. ஆனாலும் என் பக்கம் திரும்பி, "நீயே வாசி புள்ள. நீ பொய் சொல்ல மாட்ட" என்றாள்.

புத்தகத்தைத் திறந்தேன். 'மாற்றம் இப்போது தீங்கு தரும்' என்ற வரி என் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. என் பேச்சுப் போட்டிக் குரலில் வாசித்தேன்:

"ஒரே இடத்தில் சுற்றி நின்ற சக்கரம் இப்போது திசை மாறுகிறது. போகிறவரைத் தடுத்தால்தான் தீங்கு. படிப்புக்காகப் போகிறவர் திரும்பி வருவார்."

"முன்ன வேற மாதிரி வாசிச்சியே?" என்றாள் அம்மா.

"ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும்மா. அது பெரிய பந்தி. தேவையானததான் வாசிப்போம்."

அன்ரி கையை நீட்டினார். முதல் தடவையாக அவருடைய கை மடியிலிருந்து எழுந்தது. புத்தகத்தைக் கொடுத்தேன். எழுத்து ஓடாது என்றவர்தானே என்ற தைரியம்.

அவர் சுட்டுவிரலைப் பந்தியின் முதல் வரிக்குக் கீழே வைத்தார். விரல் வாசிக்கும் வேகத்தில் நகர்ந்தது. வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு இறங்கியது. 'தீங்கு தரும்' என்ற இடத்தில் சற்று நின்றது. பிறகு கடைசி வரி வரை போய், மெதுவாகப் புத்தகத்தை மூடினார்.

அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். இவ்வளவு நாளும் தெரியும். என் வாயிலிருந்து வர வேண்டும் என்பதற்காக மட்டும் அந்தக் கதிரையில் என்னை வைத்திருந்திருக்கிறார்.

இப்போது சொல்லப்போகிறார், அம்மாவின் முன்னால் நான் பொய்க்காரி ஆகப்போகிறேன் என்று காத்திருந்தேன். அவர் புத்தகத்தை மறுபடி என்னிடம் நீட்டினார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"போறவைக்கு நல்லது எண்டு போட்டிருக்கு. வீட்டில இருக்கிற ஆக்களுக்கு என்ன போட்டிருக்கு? அதையும் வாசியும்."

அவருக்குத் தெரியும், அப்படி ஒரு வரியே இல்லை என்று. எனக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் தனியாகிவிடுவாளே என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்தது. அவளைத் தேற்றுவதுபோல ஏதாவது சொல்ல வேண்டும். புத்தகத்தைத் திறந்து, இல்லாத வரியைப் பார்த்து வாசித்தேன்:

"வீட்டில் இருப்பவருக்கும் இடம் மாறும். அந்த மாற்றம் அவருக்கும் நன்மை தரும்."

அன்ரி அம்மாவை நேராகப் பார்த்தார்.

"ஓம். அப்பிடித்தான் எழுதியிருக்கு. பிள்ளையை அனுப்புங்கோ."

அவர் தன் வாயால் சொன்ன அந்த ஒரு முறை இதுதான். அம்மா எழுந்து அவருடைய காலைத் தொடப் போனாள். அவர் விலகி, "தேத்தண்ணி போடுவமே?" என்றார். அம்மா குசினிக்குப் போனாள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கார்டுகளை ஒரே திசையில் அடுக்கத் தொடங்கிவிட்டார், என்னைப் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகம் தொடங்கி முதல் சில வாரங்கள் நான் அவரைப் பற்றி நல்லதாகவே நினைத்தேன். என்னை வைத்திருக்கத்தான் முதலில் அப்படித் திருப்பச் சொன்னார், என் முகத்தைப் பார்த்ததும் மனம் இளகி விட்டுக்கொடுத்தார் என்று விடுதித் தோழிகளிடம் சொன்னேன். கதையாகச் சொல்லும்போது அது அழகாகவும் இருந்தது.

இரண்டாம் மாதம், ஒரு பின்னேரம் அம்மா எனக்குப் போன் எடுத்தாள். குரலில் உற்சாகம்.

"புள்ள, கொட்டாஞ்சேன ரூம ஒப்படைச்சிட்டேன்."

"ஏன்? எங்க போற?"

"மேடம் வீட்டுல தங்கிக்கிறேன். குசினிப் பக்கத்துல ரூம் இருக்குல்ல, ஃபேன் எல்லாம் போட்டு? சாமானெல்லாம் கொண்டாந்துட்டேன்."

"அவங்க கேட்டாங்களா?"

"இல்லயே. அவங்க ஒண்ணும் கேக்கல. நாந்தான் கேட்டேன். 'உனக்கு எது சரியெண்டு படுது'ன்னாங்க."

நான் விடுதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கொட்டாஞ்சேனை அறை ஒன்றும் மாளிகை அல்ல. ஆனால் வேலை முடிந்து வந்து கதவைப் பூட்டினால் அம்மாவை ஒருவரும் கூப்பிட முடியாத ஓர் இடம் அது மட்டும்தான். அன்று அன்ரி கார்டை நேராக விழ விட்டிருந்தால் புத்தகத்தில் இருந்ததையே வாசித்திருப்பேன். போகிறவரோடு கதை முடிந்திருக்கும். வக்கிரமாக விழுந்தபடியால்தான் நான் பொய் சொல்ல வேண்டி வந்தது. பொய் சொன்னபடியால்தான் அவர் கேட்ட இன்னொரு வரிக்கும் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இவ்வளவையும் ஒரு மனுஷி முன்கூட்டியே கணக்குப் போட்டிருப்பாரா? அல்லது நான்தான் நன்றிகெட்டவளா? தெரியாது. அம்மா அங்கே மூன்று வருடம் இருந்தாள். அவர் ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை என்றுதான் இன்றும் சொல்கிறாள்.

அன்று போனில் அவளிடம் கேட்டேன்:

"யோசிச்சுத்தான் செஞ்சியாம்மா?"

"யோசிக்க என்னா இருக்கு? சீட்டுல அப்படித்தானே இருந்துச்சு, வீட்டுல இருக்கிறவங்களும் எடம் மாறணும்னு? நீதானே வாசிச்ச." பிறகு கேட்டாள்: "அப்படித்தானே இருந்துச்சு?"

இல்லை என்று சொன்னால், நான் வாசித்த இரண்டு வரியும் இல்லை. அம்மா அந்த அறையிலிருந்து வெளியே வருவாள். நான் இந்தப் படியிலிருந்து எழுந்து பஸ் ஏற வேண்டும். போனுக்குப் பின்னால் பாத்திரம் ஒன்றை வைக்கும் ஓசை கேட்டது. பிறகு அந்தக் குரல், அவசரமே இல்லாமல்:

"பிள்ளை என்னவாம்?"

அம்மா காத்திருந்தாள். அவரும் காத்திருந்திருப்பார்.

"ஆமாம்மா," என்றேன். "அப்படித்தான் இருந்துச்சு."